பனிமூட்டத்தில் ஃபராஸ் சொன்ன வழி

"ஃபராஸ் திருடனா இல்லையான்னு எனக்கு இன்னிக்குள்ள தெரியணும்க்கா" என்றாள் சாருலதா. மயிலாப்பூரில் சொர்ணத்தின் மாடி வீட்டுக்கு மூச்சிரைக்க ஏறி வந்தவள், நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கவில்லை.

சொர்ணம் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விபத்துகளை விசாரிப்பவள். அன்று அங்கே வந்திருந்த, உடன் வேலை பார்க்கும் ஜானுவுக்கு, ஞாயிற்றுக்கிழமையானாலும் வழக்கு என்று ஒன்று வந்தால் காபி ஆறுவது தெரியாது.

"என்ன திருடினாராம்?" என்று முந்திக்கொண்டாள் ஜானு.

"வழியை."

ஜானு விழித்தாள். சாருலதா விளக்கினாள். அடையாறில் அவள் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நண்பர்கள் பேச்சாலேயே ஒரு கற்பனை நாட்டில் பயணம் போகிறார்கள். ஆட்டத்தை நடத்துவது அவள், வழிகாட்டி ஃபராஸ். நாட்டின் வரைபடம் எல்லோர் முன்னாலும் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக விரிந்திருக்கும். நடுவில் அகலமான வெட்டவெளி, வலப்பக்கம் சதுப்பு, இடப்பக்கம் மலை.

"இப்ப அங்க ஒரே பனிமூட்டம். ஃபராஸ் வடக்கேன்னு சொல்வான். நான் என் முன்னால ஒரு அட்டைத் தட்டியை மறைப்பா வெச்சு, அதுக்குப் பின்னால டைஸ் உருட்டுவேன். நல்லா விழலைன்னா பக்கத்துக் கட்டத்துக்கு விலகிடுவாங்க. அதை நான் வெளியில சொல்ல மாட்டேன். நிஜமா எங்க நிக்கிறாங்கன்னு, தட்டிக்குப் பின்னால என் படத்துல இருக்கிற பொம்மையைப் பார்த்தாத்தான் தெரியும்."

"வழி தப்பறதுக்குக்கூட விதியா!" ஜானுவுக்கு அது பிடித்துப்போனது.

"சாப்பாட்டுக்கும் இருக்கு. வெட்டவெளியைச் சீக்கிரம் கடந்துடலாம், கிண்ணத்துல ஒரு புளியங்கொட்டை எடுப்பேன். சதுப்புன்னா ரெண்டு, மலைன்னா மூணு. கொட்டை தீர்ந்தா பட்டினி." அவள் குரல் தாழ்ந்தது. "போன வாரம் சதுப்புக்குள்ள விலகினாங்க. ஃபராஸ் உடனே வழி மாறிட்டோம்னான். அப்புறம் மலைப்பக்கம் விலகினப்பவும் அதேதான். கூட ஆடற டில்லிபாபு எழுந்து திருட்டாட்டம்னு கத்திட்டான். ஃபராஸோட ஃபோன் என் பின்னால அலமாரியில சார்ஜ் போட்டபடி, கேமரா என் படத்தைப் பார்த்துக்கிட்டு நின்னது. அவன் கையில ஸ்மார்ட் வாட்ச் வேற, கேமரா பாக்கறது அதுல தெரியும். ஃபோனைக் காட்டுடான்னு நானே கேட்டுட்டேன். 'நீயா கேக்குற, சாரு?'ன்னான். செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். காலேஜ்லருந்து பழக்கம்க்கா. இப்ப ஃபோனை எடுக்க மாட்டேங்கறான்."

சொர்ணம் கேட்டாள். "எப்பவாவது அவன் ஏமாந்தானா?"

"ஒரு தடவை. விலகினது தெரியாம நேரா போய்க்கிட்டே இருந்தான்."

"எந்த நிலத்துல?"

"வெட்டவெளியிலதான். பக்கத்துக் கட்டமும் வெட்டவெளி."

"டில்லிபாபுவை வரச் சொல்லு. உன் வீட்டுக்குப் போவோம்."

அடையாறு மேசையில் சொர்ணம் எல்லோருடைய ஃபோன்களையும் வாங்கிப் பைக்குள் போட்டாள். வழிகாட்டி நாற்காலியில் ஜானுவை உட்காரவைத்தாள்.

"ஆட்டமே தெரியாதவங்களயா?" என்று சிரித்தான் டில்லிபாபு. "வெளங்கிடும் மேடம்!"

"வடக்கே" என்றாள் ஜானு. தட்டிக்குப் பின்னால் பகடை உருண்டது. சாருலதா ஒரு கொட்டையை எடுத்தாள். மறுபடியும் வடக்கே, மறுபடியும் ஒரு கொட்டை. அடுத்த முறை அவள் கை கிண்ணத்துக்குள் போய் இரண்டு கொட்டைகளோடு வெளியே வந்தது.

ஜானு துள்ளி எழுந்தாள். "ஐயோ, சதுப்புல நிக்கிறோம்! சதுப்பு வலப்பக்கம்தானே? இடப்பக்கம் திரும்பணும்!"

சாருலதா தன் படத்திலிருந்த பொம்மையைப் பார்த்தாள். கையிலிருந்த கொட்டைகளைப் பார்த்தாள்.

"பனிமூட்டம் கண்ணைத்தான் மறைக்கும்" என்றாள் சொர்ணம். "அவங்க நின்ன இடத்தை நீ வாயால சொல்லல. ஆனா அந்த இடத்துக்கான சாப்பாட்டை நியாயமா எடுத்துட்டே. ஃபராஸ் அதைக் கவனிச்சான்."

டில்லிபாபு விடவில்லை. "அத்தோட கேமராலயும் பாத்துக்கினு இருந்தா?"

"கேமரா இருந்தா வெட்டவெளியில ஏன் ஏமாந்தான்?"

"சும்மா நடிச்சிருப்பான்."

"நடிக்கிறவன் எங்க வேணும்னாலும் ஏமாறலாமே தம்பி. விலகினாலும் அதே ஒரு கொட்டைதான்னு இருக்கிற அந்த இடமாப் பார்த்தா ஏமாறணும்? அவனுக்கு வழி சொன்னது கொட்டைதான். அது பேசாத இடத்துல அவனுக்கும் தெரியல."

டில்லிபாபு தலையைச் சொறிந்தான். பிறகு பையிலிருந்து தன் ஃபோனையும் மேசைமேல் கிடந்த பைக் சாவியையும் எடுத்தான். "நான்தான் ஆரம்பிச்சேன். நானே ராயப்பேட்டைக்குப் போய் அவன் கால்ல வுழறேன்."

அவன் போய் வெகுநேரம் ஆயிற்று. சாருலதா வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். கடைசியில் பைக்குள் அவள் ஃபோன் அடித்தது. ஃபராஸ். எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஃபராஸ், நான் கேட்டிருக்கக் கூடாதுடா. மன்னிச்சிடு."

எதிர்முனையில் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.

"ரொம்ப வலிச்சுது சாரு" என்றான் ஃபராஸ். "அத்த நேர்ல பேசிக்கலாம். மொதல்ல இந்த டில்லி. ஃபோன்ல சாரி சாரின்னு அழுதுகினே எங்க வூட்டுத் தெருவைத் தாண்டி எங்கியோ போய்ட்டான். எங்க கீறேன்னு அவனுக்கே தெரியல. மீன் நாத்தமா கீதாம், எதிர்ல வெல்லமண்டியாம். அப்டின்னா மார்க்கெட்டுக்குப் பின்னாலதான் மாட்டிக்கினு கீறான். அங்கியே நில்லுன்னு சொல்லிட்டேன், போய்க் கூட்டிக்கினு வரேன். நாங்க வர்ற வரைக்கும் டைஸைத் தொடாதே."