நர்ஸம்மா தலையில் விறகுக் கட்டு

“கடல் போய்டுமா? எங்க போய்டும்?”

சின்னராசு வாயைப் பிளந்தபடி கேட்டான். ஒரு ஈ அந்த வாய்க்குள் புகுந்து சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

“வெகுதூரம் உள்ளே போய்விடும், தம்பி. நாங்கள் ஈர மணலில் நடப்போம், நண்டு தேடுவோம். கடல் திரும்பி வருவதற்குள் கரைக்கு வந்துவிடுவோம்” என்றார் நர்ஸ் ஹில்டா.

ஹில்டா இங்கிலாந்துக்காரர். ஜமுனாமரத்தூர் என்ற மலையூரில் ஒரு சின்ன மருந்தகத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வந்திருந்தார். எழுபத்தொன்பதாம் வருஷம் அது. ஊசி என்றால் குழந்தைகள் அழுவதற்கு முன்பே அம்மாமார்கள் ஓடிவிடுவார்கள். நர்ஸம்மா வீடு வீடாகப் போய்ப் பேசிப் பேசி, இப்போதுதான் நாலு பேர் நம்பி வர ஆரம்பித்திருந்தார்கள். தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர் என்பதால், பிசிறில்லாமல் செய்தி வாசிப்பது போலவே பேசுவார்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் மருந்தகத்து வாசலில் பிள்ளைகளுக்குத் தன் ஊர்க் கதை சொல்வார். அன்றைக்கு, லீவு நாளில் அங்கே எங்கே போவார்கள் என்று ரஞ்சிதம் கேட்டுவிட்டாள். ரஞ்சிதம் ஐந்தாம் வகுப்பு. வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

“காலையில் பஸ் ஏறிக் கிராமத்துக்குப் போவோம். அங்கிருந்து நடப்போம். கடலோரத்தில் வெள்ளை மலைகள் இருக்கின்றன. முழுக்கச் சுண்ணாம்பு.”

“மலை முழுக்கச் சுண்ணாம்பா?” ரஞ்சிதத்துக்கு மூச்சே நின்றுவிட்டது. “எத்தினி வூட்டுக்கு வெள்ளை அடிக்கலாம்!”

“யாரும் அடிக்க மாட்டார்கள். நடந்து பார்ப்போம். வழியில் அடுத்தவர்களுடைய வயல் வரும். அதற்குள்ளும் நடப்போம்.”

“அடுத்தவங்க வயலுக்குள்ளயா? அடிக்க மாட்டாங்க?”

“மாட்டார்கள். அந்தப் பாதையில் நடக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. வேலி குறுக்கே வந்தால், ஏறி இறங்க மரப்படி வைத்திருப்பார்கள்.”

சின்னராசு ரஞ்சிதத்தைப் பார்த்தான். ரஞ்சிதம் சின்னராசுவைப் பார்த்தாள். வேலியும் போட்டு, அதற்குப் படியும் வைக்கிற மனிதர்கள் இந்த உலகத்தில் உண்டா?

“நடந்து போய் இன்னா எடுத்துக்கினு வருவீங்க? விறகா?” என்று கேட்டாள் ரஞ்சிதம்.

“ஒன்றும் இல்லை.”

“அங்க சாமி கோயில் இருக்குதா?”

“இல்லை, பாப்பா. சும்மா நடப்போம். பார்ப்போம். ரொட்டி சாப்பிடுவோம். மாலையில் வீடு திரும்புவோம்.”

கடல் காணாமல் போனதைக்கூட ரஞ்சிதம் தாங்கிக்கொண்டாள். இதைத் தாங்க முடியவில்லை. காசு கொடுத்துப் பஸ் ஏறி, கால் வலிக்க நடந்து, வெறுங்கையோடு வீட்டுக்கு வருவதா! அவள் அப்படி வந்தால் அம்மா சோறு போடுவாளா?

“எனக்கு அந்த நடையை நினைத்தால்தான் மிகவும் ஏக்கமாக இருக்கிறது” என்றார் நர்ஸம்மா. சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது.

அதைப் பார்த்ததும் ரஞ்சிதத்தின் வாய் அவளைக் கேட்காமலே பேசிவிட்டது. “நாளைக்கு நாங்க கூட்டிக்கினு போறோம், நர்ஸம்மா! பீமன் அருவிக்கு!”

மறுநாள் காலையில் மூன்று பேரும் கிளம்பினார்கள். மழை விட்டு வெயில் அடித்தது. நர்ஸம்மா தொப்பியும் பெரிய பூட்ஸும் தோளில் துண்டுமாக, பார்க்கிற மரத்தையெல்லாம் நின்று நின்று பார்த்தார். ஒரு சின்ன ஊரை ஒட்டி, சாமை விளைந்த கொல்லையோரம் ஒற்றையடிப் பாதை போனது. நர்ஸம்மா அங்கேயும் நின்று, கொல்லையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

“யாரு அது?”

கதிருக்குள்ளிருந்து ஒரு பெண் எழுந்தாள். கையில் அரிவாள். அந்தக் கொல்லைக்குச் சொந்தக்காரி, பெயர் குப்பம்மா.

“என் கொல்லையில இன்னா பாக்கற?”

நர்ஸம்மா அழகாகச் சிரித்தார். “ஒன்றும் இல்லை, அம்மா. சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம்.”

அவ்வளவுதான். குப்பம்மாவின் முகம் கறுத்தது. “ஏ, எல்லாரும் ஓடியாங்க! இங்கயும் வந்துட்டாங்க!”

கொல்லைகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பாதையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். சின்னராசு நர்ஸம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான்.

“போன மாசம் பக்கத்து ஊருக்கு ரெண்டு பேர் வந்தாங்க” என்றாள் குப்பம்மா. “இதே மாதிரி தொப்பி, இதே மாதிரி பூட்ஸ். சும்மா பாத்துட்டுப் போறோம்னாங்க. அடுத்த வாரமே கொல்லைக்குள்ள கல்லு நட்டுட்டாங்க. அது சர்க்கார் காடாம், இனிமே ஏர் ஓட்டக் கூடாதாம்!”

“நான் ஊசி போடும் நர்ஸ், அம்மா…”

“ஓகோ, ஊசி போடறேன்னு வூடு வூடா வந்தது இதுக்குத்தானா? உன் ஊசியும் வேணாம், மருந்தும் வேணாம். இந்த ஊர்ப் புள்ள ஒண்ணுகூட இனிமே உன் வாசப்படி மிதிக்காது!” பிறகு அவள் ரஞ்சிதத்தின் பக்கம் திரும்பினாள். “நீ நம்ம மலைப் பொண்ணுதானே? நீயே வழி காட்டறியா?”

ரஞ்சிதத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நர்ஸம்மாவின் முகம் வெளுத்தேபோய்விட்டது. எத்தனை வீட்டு வாசலில் நின்று, எத்தனை வசவு கேட்டுச் சம்பாதித்த நம்பிக்கை! ஒரு நொடியில் போய்விட்டதே!

அழுதால் ஆகாது. ரஞ்சிதம் கூட்டத்தைப் பார்த்தாள். ஒருத்தர் கையில் கூடை, ஒருத்தர் தலையில் புல்லுக்கட்டு, ஒருத்தர் தோளில் கலப்பை. பெரியவர்களில் வெறுங்கையோடு நின்றது நர்ஸம்மா மட்டும்தான். இந்த மலையில் வெறுங்கையோடு நடப்பவர்கள் யார்? அளக்க வருகிறவர்களும் அதட்ட வருகிறவர்களும்தான்.

அவள் விடுவிடுவென்று பாதையோரம் ஓடினாள். காய்ந்த சுள்ளிகளைப் பொறுக்கினாள். கொடியை அறுத்துக் கட்டினாள். நர்ஸம்மாவின் தொப்பியைக் கழற்றிச் சின்னராசுவிடம் கொடுத்தாள். அவர் தோளில் கிடந்த துண்டைச் சும்மாடாகச் சுருட்டி, “குனிங்க, நர்ஸம்மா” என்றாள்.

நர்ஸம்மா திகைத்துப்போய்க் குனிந்தார். கட்டு தலையில் ஏறியது.

“அத்தே!” என்றாள் ரஞ்சிதம் குப்பம்மாவைப் பார்த்து. “இவங்க ஊர்ல லீவு நாள்ல சும்மா நடப்பாங்களாம். இங்க அப்பிடி நடந்தா பயப்படுவாங்கன்னு இவங்களுக்குத் தெரியாது. நான்தான் சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு. இந்த விறகு உங்க வூட்டுக்குத்தான். நெலத்தைப் புடுங்க வந்தவங்க உங்க வூட்டுக்கு விறகு செமப்பாங்களா?”

நர்ஸம்மா கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி வைத்தார். கட்டு இடப்பக்கம் போனது, அவர் வலப்பக்கம் போனார். இன்னொரு அடி. கட்டு மூக்கின் மேல் இறங்கியது. “ஐயையோ, கடவுளே!” என்று அவர் செய்தித் தமிழில் அலற, சுள்ளியெல்லாம் பொலபொலவென்று கொட்டிப் பூட்ஸின் மேல் விழுந்தது.

முதலில் சிரித்தது புல்லுக்கட்டுக்காரர். அப்புறம் ஊரே சிரித்தது. குப்பம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“இந்தம்மாவா கல்லு நடும்? ஒரு கட்டு விறகு செமக்கத் தெரியல!” அவள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். சுள்ளிகளைத் திரும்பக் கட்டி நர்ஸம்மாவின் தலையில் வைத்தாள். “கழுத்தை நேரா வெச்சுக்க. கண்ணு முன்னால பாக்கணும். ம், நட.”

நர்ஸம்மா நடந்தார். ஊர்ப் பிள்ளைகள் பின்னால் ஊர்வலமாக வந்தார்கள். குப்பம்மா வீட்டில் சாமைக் கஞ்சி கிடைத்தது. நர்ஸம்மா மூன்று கிண்ணம் குடித்தார்.

“இப்ப எங்க போறீங்க?” என்று கேட்டாள் குப்பம்மா.

“அருவிக்கு, அத்தே.”

“அங்க இன்னா இருக்குது?”

“தண்ணி வுழுது.”

“அது எப்பவும்தான் வுழுது!” குப்பம்மாவுக்குச் சந்தேகம் முழுசாகப் போகவில்லை. “நானும் வர்றேன். இன்னா பண்றீங்கன்னு பாத்துட்டுதான் வுடுவேன்.”

அருவி மழைத் தண்ணீரில் வெள்ளையாக இரைந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் பாறையில் உட்கார்ந்தார்கள். குப்பம்மா மட்டும் இடுப்பில் கை வைத்து, நர்ஸம்மாவையே முறைத்துக்கொண்டு நின்றாள். நர்ஸம்மா எதையும் அளக்கவில்லை, எதையும் எழுதவில்லை. தண்ணீரைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து எல்லாருக்கும் கொடுத்தார். மறுபடி தண்ணீரைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் குப்பம்மாவும் உட்கார்ந்தாள். சாரல் அவள் முகத்தில் அடித்தது. அவள் துடைக்கவில்லை.

“இத்தினி வருசமா இங்கதான் இருக்கேன். இந்தப் பக்கம் மாடு தேடி வந்திருக்கேன், தேனுக்கு வந்திருக்கேன். உக்காந்ததே இல்ல” என்றாள்.

வெயில் சாய்ந்தது. “அத்தே, கிளம்பலாமா? நேரமாவுது” என்றாள் ரஞ்சிதம்.

குப்பம்மா எழுந்திருக்கவில்லை. நர்ஸம்மாவிடம், “ஊசி போடறது என்னிக்கி?” என்று கேட்டாள்.

“செவ்வாய்க்கிழமை, அம்மா.”

“பேரனைத் தூக்கிக்கினு வர்றேன். பக்கத்து வூட்டுக்காரிங்களையும் இட்டுக்கினு வர்றேன்.”

ரஞ்சிதம் துள்ளி எழுந்தாள். “நெசமாவா, அத்தே? எல்லாருமா? எத்தினி பேர் வருவீங்க? காலையிலயே வந்துடுவீங்களா?”

“அட, சித்த நேரம் சும்மா இரு, பொண்ணே!” என்றாள் குப்பம்மா, கண்ணை அருவியிலிருந்து எடுக்காமலே. “நான் பாத்துக்கினு இருக்கேன்ல!”