நாற்பத்தொரு நிமிடம்

முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களை அழித்த பிறகு இடம் இன்னும் குறைந்திருந்தது.

மடிக்கணினித் திரையை அவன் மறுபடி பார்த்தான். காலையில் தொண்ணூற்றேழு சதவீதம் நிரம்பியிருந்த கிளவுட் கணக்கு இப்போது தொண்ணூற்றெட்டு என்றது. கடைத்தெருவில் அவனுக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். பதினெட்டு வருடமாக ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்து ஃபிரேம் மாட்டி அனுப்புகிறவன், தன் கண்ணைச் சந்தேகப்படும் ஆள் அல்ல. ஆனாலும் கண்ணாடியைக் கழற்றி, பனியன் நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தான். தொண்ணூற்றெட்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மனைவி மகளை அழைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஆள் இல்லாத வீட்டில் ஃபிரிஜ் முனகி முனகி அடங்குவதும், மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பதும், அவன் முதுகுக்குப் பின்னால் நீளும் நடைவழியின் கோடியில், குளியலறைக் குழாய் ஒவ்வொரு சொட்டாகப் பக்கெட்டில் விழுவதும் தனித்தனியாகக் கேட்டன. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே அவன் அந்தச் சொட்டை எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணுகிறோம் என்று தெரிந்ததும் நிறுத்தினான்.

காலையில் அக்கா பேசியிருந்தாள். கடல் தாண்டி இருக்கிறவள். அப்பா போய் நான்கு மாதம் ஆகியும், எதைப் பேச ஆரம்பித்தாலும் அப்பாவில்தான் வந்து நிற்கிறாள்.

"தம்பி, அப்பா போட்டோ எல்லாம் உன்கிட்டதானே இருக்கு? அந்த ஆல்பத்தை அப்படியே எனக்குத் திறந்து விடேன். கடைசி ரெண்டு வருஷம் நான் அவரைப் பக்கத்துல இருந்து பார்க்கவே இல்லடா."

"ஸ்டோரேஜ் ஃபுல்லா இருக்குக்கா. கொஞ்சம் இடம் பண்ணிட்டுத் தர்றேன்."

"அப்பா இருக்கற எதையும் அழிச்சிடாத. நல்லா இல்லாத போட்டோவா இருந்தாலும் பரவால்ல. நாலு மணிக்குக் கூப்பிடறேன்."

நல்லா இல்லாத போட்டோ. அவனிடம் இருந்ததெல்லாம் அதுதான்.

அப்பா பஸ் கண்டக்டர். முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்றவருக்கு, பக்கவாதம் வந்த பிறகு கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடக்க இரண்டு சுவர் தேவைப்பட்டது. நினைவும் வரும், போகும். அக்கா கூப்பிடும் நேரத்தில் மட்டும் எப்படியோ தெளிந்து, "எனக்கென்னம்மா, ராஜா மாதிரி இருக்கேன்" என்பார். போனை வைத்த கையோடு படுக்கையை நனைப்பார். "நீ கொஞ்சம் பெருசுபடுத்துறியோன்னு தோணுதுடா, என்கிட்ட நல்லாத்தானே பேசறார்" என்று அக்கா ஒருநாள் சொன்னாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். நனைந்த படுக்கை, முகமெல்லாம் அப்பிய சோறு, தலைகீழாக மாட்டிய சட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பினான். போனைக் கண்டாலே அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். அதையும் எடுத்தான்.

கடைசியாக அந்தக் குளியலறை. ஈரத் தரையில் இடுப்பில் ஒன்றும் இல்லாமல் விழுந்து கிடந்தவர் அவனைப் பார்த்ததும் வலது கையை நீட்டினார். அவன் முதலில் போனை எடுத்தான். படத்துக்குக் கீழே, 'விழுந்த உடனே தூக்கிட்டேன்' என்று எழுதி அக்காவுக்கு அனுப்பினான். 'நீ மட்டும் இல்லன்னா என்ன ஆயிருக்கும்டா' என்று அவள் பதில் எழுதினாள்.

எடுத்தது இரண்டு படம். முதல் படம் இரண்டு பத்துக்கு. இரண்டாவது இரண்டு ஐம்பத்தொன்றுக்கு. அதில் அப்பாவின் கை கீழே இறங்கியிருந்தது, தலை தொங்கியிருந்தது. அதற்குப் பிறகுதான் தூக்கினான். அப்பா அதன்பின் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வாரத்தில் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டார். டாக்டர் எதுவும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆனால் கணினி நேரத்தைக் குறித்து வைத்திருந்தது. அக்காவுக்கு ஆல்பத்தைத் திறந்துவிட்டால் அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பாள். அதனால்தான் இடம் பண்ணுகிற சாக்கில், அந்த மாதங்களையே மொத்தமாக வழித்துப் போட்டிருந்தான். குப்பைத்தொட்டியையும் காலி செய்திருந்தான். மனைவி கிளம்பும்வரை காத்திருந்து செய்த வேலை. கதவைக்கூடத் தாழிட்டிருந்தான், திருடனைப் போல.

புதிதாகச் சேர்ந்தவை எவை என்று தேடினான். வரிசையாக வந்தன. நாற்பது படங்கள், எல்லாம் அப்பா விழுந்த அதே நாள். இரண்டு பதினொன்று, இரண்டு பன்னிரண்டு, இரண்டு பதின்மூன்று... நிமிடத்துக்கு ஒன்று.

முதல் படத்தில் என்ன இருக்கிறதென்று அவனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பக்கத்தில் பெரிதாக நீல பக்கெட்டின் அடிப்பாகம், நனைந்த தரைக்கல்லின் பளபளப்பு, தூரத்தில் கதவு நிலை, நிலைக்கு அந்தப்பக்கம் இரண்டு கால்கள். அவனுடைய கால்கள். மேலே நிமிர்ந்து பார்த்த கோணத்தில், முழங்காலுக்கும் மேலே, வெகு உயரத்தில், போனைப் பிடித்திருக்கும் அவன் கைகள். தரையில் கன்னம் வைத்துக் கிடக்கிற ஒருவருக்கு உலகம் இப்படித்தான் தெரியும்.

அடுத்ததைத் திறந்தான். அடுத்ததை. இரண்டு பத்தொன்பதில், எடுத்த படம் சரியாக வந்திருக்கிறதா என்று அவன் விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு முப்பதில் நிலையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பயத்தில் கை கால் ஓடவில்லை, துண்டு தேடப் போயிருந்தேன், அவ்வளவு நேரம் ஆகியிருக்காது என்று இந்த நான்கு மாதமாகத் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்த ஒவ்வொன்றும் ஒவ்வொரு படத்தில் உதிர்ந்தது. இரண்டு முப்பத்தெட்டில் அவன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. இப்ப ராஜா மாதிரி இருக்கியா என்று கேட்கும் சிரிப்பு.

யார் எடுத்தது என்ற கேள்வியே அவனுக்குத் தாமதமாகத்தான் வந்தது. அதற்கு முன்னால் காது மடல் சுட்டது, கழுத்து வியர்த்தது. அந்தச் சிரிப்பை அப்பா பார்த்திருக்கிறார்.

நாற்பதையும் சேர்த்து அழித்தான். திரை ஒரு நொடி வெறுமையாக இருந்து, மறுபடி நிரம்பியது. தொண்ணூற்றொன்பது. மறுபடி அழித்தான். மறுபடி வந்தன. இம்முறை நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்றாவதின் தேதி இன்றையது. நேரம், மூன்று முப்பத்திரண்டு.

கணினியின் மூலையில் மணி மூன்று முப்பத்திரண்டு.

அதே தரைக்கல். அதே பக்கெட். நிலையில் யாரும் இல்லை.

சொட்டு விழும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. நடைவழியிலிருந்து ஒரு வாசனை மெல்ல வந்தது, மலிவான சோப்பும் நாள்பட்ட ஈரத்துணியும் கலந்து, அப்பாவின் அறையில் இரண்டு வருடம் மண்டிக் கிடந்து, சுவருக்கு வெள்ளையடித்த பிறகே போன வாசனை.

மூன்று முப்பத்துமூன்று. குளியலறை வாசற்படி, மிகக் கிட்டத்தில்.

மூன்று முப்பத்துநான்கு. நடைவழியில் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டு. மகளின் பள்ளி ஷூ.

பின்னால் ஒரு சத்தம். ஈரத்துணியைத் தரையில் இழுப்பது போல. நின்றது. கொஞ்சம் மூச்சு வாங்கும் நேரம். மறுபடி இழுத்தது.

அவன் திரும்பவில்லை. பயத்தால்தான் திரும்பவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அந்த முகத்தில் விழிக்க அவனுக்கு யோக்கியதை இல்லை.

போன் அலறியது. அக்கா. மணி நாலு ஆகவில்லை.

"ஆல்பம் திறந்துடுச்சுடா. பார்த்துட்டிருக்கேன்."

அவன் திறந்துவிடவே இல்லை.

"தம்பி... இதுல ரெண்டு பதினொண்ணுன்னு போட்டிருக்கு. இது ரெண்டு முப்பது. நீ கையில டீ வச்சிருக்க."

"அக்கா..."

"உடனே தூக்கிட்டேன்னு எழுதியிருந்தியே."

"தூக்கலக்கா. நாப்பத்தோரு நிமிஷம். கையை நீட்டினாரு. நான் பார்த்துட்டே நின்னேன். நீ நம்பணும்னு... இல்ல. உன்னால இல்ல. எனக்கே அப்படி நிக்கணும் போல இருந்துச்சு."

அந்தப்பக்கம் அழுகை இல்லை, திட்டு இல்லை. மூச்சு மட்டும். திட்டியிருக்கலாம். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்திருப்பான்.

"இன்னும் வருதுடா" என்றாள் அக்கா. குரல் மாறியிருந்தது. "இது இன்னிக்கு எடுத்தது. மேசை கீழ இருந்து. உன் கால் தெரியுது. வீட்ல உன்கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"கீழ பாருடா."

பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடினான்.

இடது கணுக்காலை ஒரு கை பற்றியது.

சில்லென்று. ஈரமாக. தொய்ந்த தோலுக்குள் எலும்பு மட்டும் இருந்த பிடி. நகம் பதியவில்லை, இழுக்கவில்லை. விழுந்த மனிதன் எழுந்திருக்க ஆதரவு தேடும் பிடி. அவனுக்குத் தெரிந்த பிடி.

ஓடத்தான் உடம்பு துடித்தது. ஆனால் கால் அசைந்தால் அந்தக் கை நழுவிவிடும். மறுபடி தரையில் விழும். அதை மட்டும் அவனால் செய்ய முடியவில்லை. போனை மேசையில் வைத்தான். நாற்காலியைத் தள்ளி, கண்ணைத் திறக்காமலே குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

"வாங்கப்பா" என்றான். அழுதுகொண்டிருந்தான். "மெதுவா. நான் பிடிச்சிருக்கேன்."

இரண்டு ஈரக் கைகள் அவன் கைகளுக்குள் வந்தன. கனம் ஏறியது. அவன் தூக்கினான். முழங்கால் நிமிரும் சொடக்கு கேட்டது. ஈர மூச்சு அவன் வயிற்றருகே வந்தது. நெஞ்சருகே. பிறகு தோளில் பட்டது.

அப்பா அவன் தோள் உயரம்தான்.

மூச்சு அவன் தாடைக்கு வந்தது. நெற்றிக்கு வந்தது.

"போதும்ப்பா" என்றான்.

நிற்கவில்லை. மூச்சு அவன் தலைக்கு மேலே போயிற்று. தண்ணீர் உச்சியில் சொட்டி, கண்ணாடிக்குள் வழிந்தது. கைகள் அவன் கைகளை விடாமல் மேலே போயின. தோள்மூட்டு இழுபட்டது.

மேசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. மிக மெல்ல.

"தம்பி, இப்ப வர்ற போட்டோல உன் உச்சந்தலை தெரியுதுடா. மேல இருந்து. விட்டத்துகிட்ட இருந்து."

அது இன்னும் எழுந்துகொண்டிருந்தது. அவன் குதிகால்கள் தரையை விட்டன.