தப்பில்லாத செய்தி

ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த பிரான்சில், பர்கண்டியில் லியோனியின் மாவு மில்லுக்கு ஜினெத் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது பிற்பகலாகிவிட்டது. கூடையில் உருளைக்கிழங்கு, அதற்கடியில் செய்தி அனுப்பும் ரேடியோ. லண்டன் அனுப்பிய உளவுக்காரி அவள்; மறைந்து தங்க அவளுக்குச் சொல்லியிருந்த வீடு இது. வழியில் ஜெர்மன் காவலர்களையெல்லாம் பல்லைக் காட்டியே தாண்டியிருந்தாள்.

"வாம்மா, வா. இப்படி மூச்சு வாங்குதே! லண்டன் வெண்ணெய் இன்னும் கரையலையா?" என்று சிரித்தாள் மில்காரி லியோனி. சிக்கரியைக் கரைத்துக் காபி என்று கொடுத்தாள். "பால் கேக்காதே. பசுவையே ஜெர்மன்காரன் தின்னுட்டான்."

ஜினெத்துக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதனால்தான் வாய் தவறியது.

"இன்னிக்கி ராத்திரி என் தங்கச்சி மார்த் பாராசூட்ல குதிக்கிறா. உங்க குளத்து வயல்லதான்."

"அப்படியா? நல்லது, நல்லது." லியோனி கோழிக்குத் தீனி போட வெளியே போனாள்.

ஜினெத் பரணுக்கு ஏறினாள். அங்கே பழைய மாவின் புளிப்பு வாடை. கூடவே இன்னொரு வாடை, கசாப்புக் கடையைக் கழுவிவிட்ட மாதிரி. மேசை விளிம்பில் சுத்தியல் அடித்த பள்ளங்கள், கறுப்பாய்க் கறை. அதில் ரேடியோவை வைத்து, கம்பியை உத்தரத்தில் கட்டினாள்.

டக். டக்டக்.

சுவருக்குள்ளிருந்து.

எலி என்று நினைத்தாள். எந்த எலி புள்ளியும் கோடுமாய் மோர்ஸ் தந்தி அடிக்கும்? அதுவும் கடைசிக் கோட்டை இழுத்து அடிப்பவள் உலகத்தில் ஒருத்திதான். ஜினெத்தோடு தந்தி பழகிய மிரேய். போன குளிர்காலத்தில் செத்துப்போனவள்.

ஆனாலும் காது எழுத்துகளைக் கூட்டியது.

'பயமில்லை. நல்ல வீடு. இங்கேயே இரு.'

"அடிப்பாவி, நீயா?" என்று கிசுகிசுத்தாள். கண் கலங்கிற்று.

மறுபடி அதே செய்தி. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

பிசகவில்லை!

உளவுக்காரர்கள் தாங்களாக அனுப்பும் செய்தியில் வேண்டுமென்றே ஓர் எழுத்தைத் தப்பாக அடிப்பார்கள். எதிரி மிரட்டி அனுப்பவைத்தால் சுத்தமாக அடிப்பார்கள். பிடிபட்ட மிரேயும் சுத்தமாகத்தான் அடித்தாள். லண்டனில் எவனோ ஒரு மடையன், 'தப்பை மறந்துவிட்டாய், இனி மறக்காதே' என்று பதில் போட்டுத் தொலைத்தான். பக்கத்தில் நின்ற ஜெர்மானியருக்கு விளங்கிவிட்டது. விரல் விரலாக நசுக்கிக் கொன்றார்கள். எந்த வீட்டில் என்பதுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே கோழிகள் பசியில் கத்தின. சாலையில் ஜெர்மன் லாரி வந்துகொண்டிருந்தது.

ஐயோ, மார்த்!

ஹெட்போனை மாட்டிக்கொண்டு தந்திக் கட்டையை அழுத்தினாள். 'குளத்து வயல்...'

கதவு திறந்தது. லியோனி. கையில் சுத்தியல்.

"கையை எடுடி!"

எடுக்கவில்லை. சுத்தியல் இறங்கியது. வலது கை எலும்புகள் நொறுங்கின. ஜினெத் அலறிக்கொண்டே இடது கையால் பூட்ஸிலிருந்த கத்தியை உருவி லியோனியின் கழுத்தில் செருகினாள். சூடான ரத்தம் முகத்தில் பீய்ச்சியடித்தது.

"அவளும்... இப்படித்தான்..." லியோனி முடிக்காமலே மேசைமேல் சரிந்து தரையில் விழுந்தாள்.

கீழே வாசற்கதவு உடைந்தது. படியில் பூட்ஸ் சத்தம். செய்தி பாதியில் நிற்கிறது. இடது கை ரத்தத்தில் வழுக்குகிறது, ஓர் எழுத்தும் வரவில்லை. தங்கச்சி போய்விட்டாள் என்று தேம்பினாள்.

கட்டை தானாக அழுந்தியது.

'...காட்டிக்கொடுக்கப்பட்டது. மார்த்தை அனுப்பாதே.'

நடுவில் ஓர் எழுத்து தப்பு. கடைசிக் கோட்டில் அதே இழுப்பு.

பரண் கதவில் துப்பாக்கிக் கட்டைகள் இடித்தன. ஹெட்போனில் லண்டன் பேசியது.

'செய்தி கிடைத்தது. மார்த் புறப்பட மாட்டாள். இது உன் கைதானே, மிரேய்? இந்த முறை தப்பை மறக்கவில்லையே! உயிரோடுதான் இருக்கிறாயா?'

ரத்தம் சொட்டும் கட்டை இன்னும் ஒரே ஒரு சொல்லை அடித்தது.

'இல்லை.'