நீலத் துணியின் மறுமுனை

கிட்டே வாருங்கள், என் செல்வங்களே. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவோரம் இருப்பவர் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு... வேண்டாம், போடாதீர்கள். இந்தக் கதைக்குக் கதவு சும்மா சாத்தியிருந்தால் போதும். ஏன் என்பது போகப்போகப் புரியும். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்கும் முன்னால் அது யாருடைய கை என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடில்லாத தாய்மாருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் என்று ஒரு பழைய மாடிக் கட்டடம் இருந்தது. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு சாவி. சமையலறை பொது. பெரியக்கா என்று எல்லாரும் அழைத்த பொறுப்பாளர் கீழே வாசலையொட்டி இருப்பார். அங்கே ஒரு தாய் தன் மகனோடு ஒரு காலையில் வந்து சேர்ந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடிக்கும் வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். மடிப்புக்காரி என்று பெயர் வந்துவிட்டது.

முதல் நாள் சமையலறையில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள், "எங்கேர்ந்து வர்றே?"

சாவி கைக்குள் சூடாக இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "வீடு எரிஞ்சுபோச்சு. நாங்க வெளியில படுத்ததே இல்ல" என்றாள்.

பொய். பேருந்து நிலையத்தின் பின்புறச் சுவரோரம்தான் மழையும் வெயிலும் பார்த்தவள் அவள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவளை எல்லாரும் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்கள். அந்த மரியாதை தின்னத் தின்ன ருசித்தது.

சுவரோரத்தில் அவள் தனியாகப் படுக்கவில்லை. கூட ஒருத்தி இருந்தாள். சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றபடியே தூங்குவாள் என்பதால் கொக்கு என்று பெயர். அவளுக்கு ஒரு பெண் குழந்தை, சிட்டு. மடிப்புக்காரியின் மகனுக்கு எலி என்று பெயர் வைத்தவளும் கொக்குதான். "எங்க துளாவினாலும் ரொட்டியைக் கண்டுபிடிச்சிடுறானே, வேற என்னன்னு கூப்பிடுறது?" என்பாள். அவனுக்கு அவள் கொக்கு சித்தி.

வெளியில் படுக்கும் தாய்மாருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரும் பிள்ளையைத் தூக்கிப் போய்விடக் கூடாதே என்று, பிள்ளையின் கணுக்காலையும் தன் மணிக்கட்டையும் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் கண் மூடுவார்கள். இவர்களிடம் நீளமான ஒரு நீல விரிப்பு இருந்தது. அதை முறுக்கி, ஒரு தாயின் கையிலிருந்து எலியின் காலுக்கு, அங்கிருந்து சிட்டுவின் காலுக்கு, அங்கிருந்து மற்றத் தாயின் கைக்கு என்று கட்டுவார்கள். ஒருத்தி தூங்கினால் ஒருத்தி காவல். பேசினால் பிள்ளைகள் விழித்துவிடும். அதனால் துணியே பேசியது. ஓர் இழுப்பு என்றால், நான் முழிச்சிருக்கேன், நீ தூங்கு. இரண்டு இழுப்பு என்றால், எனக்குக் கண்ணு சொருகுது, இனி உன் முறை.

மடிப்புக்காரிக்கு முதலில் அறை கிடைத்தபோது கொக்குதான் அந்தத் துணியை நடுவில் கிழித்துப் பாதியைக் கொடுத்தாள்.

"உள்ள போனதும் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுடி. மறந்துடாதே."

"மறப்பேனா?"

சில நாளில் மடிப்புக்காரியின் பக்கத்து அறை காலியானது. அந்த வீட்டில் ஒரு வழக்கம்: புதிதாக வருபவளை உள்ளே இருப்பவள் ஒருத்தி தெரியும் என்று சொன்னால் அன்றைக்கே சாவி. இல்லையென்றால் விசாரித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். வானம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு மாலையில் கொக்கு எப்படியோ கேள்விப்பட்டு மகளோடு வாசலில் வந்து நின்றாள். தலைமுடியை நனைத்து வாரியிருந்தாள். சிட்டுவின் முகத்தைத் துடைத்துத் துடைத்தே சிவக்க வைத்திருந்தாள்.

பெரியக்கா மடிப்புக்காரியைக் கூப்பிட்டார். சமையலறைப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"இவங்களை உனக்குத் தெரியும்னு சொல்றாங்களே?"

கொக்கு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். மாடிப்படியில் எலி ஓடி வரும் சத்தம். "சி..." என்று அவன் ஆரம்பிப்பதற்குள் மடிப்புக்காரி அவன் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"தெரியாதுக்கா. நான் பார்த்ததே இல்ல."

சிட்டு அந்தக் கையையே பார்த்தாள். எலியின் வாயை மூடியிருந்த கையை.

கொக்குவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் மடிப்புக்காரியின் குட்டு உடைந்திருக்கும். சொல்லவில்லை.

"ஆமாங்கக்கா, ஆள் மாறிப்போச்சு. இந்தம்மா வேற யாரோ."

அப்படிச் சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். பெரியக்கா பின்னாலேயே குடையோடு ஓடினார். தெருமுனையில் யாருமில்லை. மழை பிடித்துக்கொண்டது.

சில நாள் கழித்து ரொட்டி வண்டிக்காரர் தட்டுகளை இறக்கியபடியே சொன்னார். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சுவர் இடிஞ்சு ஒரு தாயும் பிள்ளையும் போயிட்டாங்களாம். நீலத் துணியால ரெண்டு பேரையும் சேர்த்துக் கட்டியிருந்துச்சாம். கடைசிவரைக்கும் அந்த முடிச்சை அவிழ்க்கவே முடியலையாம், பாவம்."

மடிப்புக்காரியின் கையிலிருந்த தட்டு நழுவியது.

அவளுக்கு விடிகாலை வேலை. மதியம் திரும்பி, மகனும் பள்ளியிலிருந்து வந்ததும், திரையை இழுத்துவிட்டு இருவரும் படுப்பார்கள். கதவைத் தாழிட்டுவிட்டுத் தன் பாதித் துணியால் அவன் காலைத் தன் கையோடு கட்டிக்கொள்வாள். கட்டாமல் தூக்கம் வராது. யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும், அதனால் தாழ்ப்பாள்.

அன்று மதியமும் கட்டினாள். கண் அசந்தது.

முதலில் வாடை. ஈரச் சுண்ணாம்பும், நனைந்த செங்கலும், நனைந்த தலைமுடியும்.

பிறகு மணிக்கட்டில் ஓர் இழுப்பு.

எலி புரண்டிருப்பான் என்று கண்ணைத் திறந்தாள். அவன் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான். திரையின் விளிம்பில் வெயில் கோடாக விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் துணியைப் பார்த்தாள். அவள் கையிலிருந்து அவன் காலுக்குப் போன துணி அங்கே முடியவில்லை.

கட்டிலைத் தாண்டி இறங்கியது. தரையில் ஈரமாக நீண்டு கிடந்தது. கதவிடுக்கு வழியாக வெளியே, பக்கத்து அறைப் பக்கம் திரும்பியது.

அவளிடம் இருந்ததோ பாதிதான்.

மறுபடியும் ஓர் இழுப்பு. மென்மையாக. பழகிய கை.

நான் முழிச்சிருக்கேன், நீ தூங்கு.

அவள் அலறிய அலறலில் பெண்கள் ஓடிவந்து கதவைத் தட்டினார்கள். திறப்பதற்குள் துணி பழைய நீளத்துக்குச் சுருங்கியிருந்தது. "கெட்ட கனவு" என்றாள். அதுவும் பொய்.

"வேலைக்குப் போற இடத்துல பேயோட துணியும் மடிச்சியாடி?" என்று ஒருத்தி கேலி செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்துவைத்தாள்.

அதற்குப் பிறகு தூங்கவே பயந்தாள். துணியை அலமாரியில் போட்டுப் பூட்டினாள். எழுந்து பார்த்தால் அது எலியின் காலில் கட்டியிருக்கும். முடிச்சு அவளுடையது இல்லை. நுனியை உள்ளே செருகி இறுக்கும் முடிச்சு, கொக்குவின் முடிச்சு. பிள்ளையைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறாள் என்று மடிப்புக்காரி நினைத்தாள்.

ஒரு மதியம் எலி சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

"அம்மா, என்னை எலின்னு கூப்பிட்டாங்க."

"யாருடா?"

"கொக்கு சித்தி. அவங்களுக்குத் தூக்கமா வருதாம்மா. நீ இன்னும் முறை மாத்தவே இல்லையாம்."

வெறுங்காலோடு மாடியிறங்கி வந்து, சமையலறை நடுவில், எல்லாப் பெண்களும் பார்க்க நின்றாள் மடிப்புக்காரி.

"அவளை எனக்குத் தெரியும்க்கா. அவ இல்லைன்னா என் பிள்ளையே இல்ல. நானும் அந்தச் சுவரோரத்துல கிடந்தவதான். எந்த வீடும் எரியல."

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. பெரியக்கா எழுந்து அதை அணைத்துவிட்டு வந்தார்.

"நீ வந்த அன்னிக்கே தெரியும்டி. பையன் கணுக்கால்ல துணி உராய்ஞ்ச தழும்பு இருந்துச்சே. இங்க பாதிப் பிள்ளைங்க கால்ல அது இருக்கு. யாரும் உன்னைக் கேக்க வேண்டாம்னு நான்தான் சொல்லி வச்சேன்."

கேலி செய்த பெண் குனிந்து தன் மகளின் காலுறையை மேலே இழுத்துவிட்டாள்.

எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை மறைக்கவா ஒருத்தியை மழைக்குள் அனுப்பினோம் என்று மடிப்புக்காரிக்கு உறைத்தது. திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பாள்.

அறைக்குப் போனாள். அன்று தாழ்ப்பாள் போடவில்லை. திரையை இழுத்துவிட்டு, எலியின் காலைத் தன் கையோடு கட்டி, மறுநுனியைத் தரையில் தொங்கவிட்டாள்.

வாடை வந்தது.

துணி நீண்டது.

அவள் கண்ணை மூடவில்லை. கதவிடுக்கைப் பார்த்துக் கிசுகிசுத்தாள். "கொக்கு... நான் முழிச்சிருக்கேன். நீ தூங்குடி."

அதையே துணியிலும் சொன்னாள். ஓர் இழுப்பு.

வெகுநேரம் ஒன்றுமில்லை. குழாயில் எங்கோ தண்ணீர் சொட்டியது.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு இழுப்பு.

சுவருக்கு அப்பால் யாரோ சாய்ந்து சரிந்து உட்காரும் ஓசை கேட்டது. நீண்ட ஒரு மூச்சு. அதோடு அடங்கியது.

கதவு தானாக ஒரு சாண் திறந்தது.

எலி தூக்கத்திலேயே நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டான்.

மெத்தை அமுங்கியது. கொஞ்சமாக. ஒரு சிறு பிள்ளையின் கனத்துக்கு.

மடிப்புக்காரி விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையணையில் இரண்டாவதாக ஒரு குழி விழுந்திருந்தது. எலியின் காலைத் தாண்டிக் கிடந்த துணியின் நுனியில், சின்னக் கணுக்கால் அளவுக்கு ஒரு வளையம். அவள் விரலை நீட்டி அதைத் தொட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

பிறகு பக்கத்து அறைக்கு ஒரு தாயும் பிள்ளைகளும் வந்தார்கள், நன்றாகவே இருந்தார்கள். மடிப்புக்காரி மட்டும் மதியத்தில் இன்றுவரை கண் மூடுவதில்லை. கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறாள். மகன் வளர்ந்து, துணி வேண்டாம் என்று சொல்லியும் வருஷக்கணக்காகிறது. அவள் இன்னும் ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறாள். மறுமுனையில் சிட்டுவுக்கான அந்த வளையம் பெரிதாகவே இல்லை.

போய் வாருங்கள், என் கண்ணுங்களா. உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமல் இருக்கட்டும், சுவர் அசையாமல் நிற்கட்டும். உங்கள் பிள்ளைகள் காலில் கட்டில்லாமல் தூங்கட்டும். உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு யாராவது வாசலில் வந்து நின்றால், தெரியும் என்று சொல்ல உங்கள் வாய்க்குத் தடை வராமல் இருக்கட்டும்.