நுனிக்கால் தடம்

1972, அக்டோபர் 11. காலை பத்தே முக்கால். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே ஒரு பண்ணைவீட்டு நெல் அறையில் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே இருந்த இரட்டைவடச் சங்கிலியைக் காணோம். அன்று காலையில்தான் தரையில் தவிடு பரப்பிப் போட்டிருந்தார்கள். அதில் ஐந்து காலடித் தடங்கள். விரல்கள் பதிந்திருந்தன, குதிகால் ஒன்றில்கூட இல்லை.

ஒரு மணிக்குள் அம்சத்தைப் பிடித்துவிட்டார்கள். கூலி உயர்வு கேட்டு முன்னால் நின்றவள் அவள். வேறு காரணம் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை அவளுடைய குடிமனைப் பட்டா விசாரணை. அன்றைக்கு லாக்கப்பில் இருந்தால் குடியிருக்கும் மனை கைவிட்டுப் போய்விடும்.

மறுநாள் காலை ஒன்பதரை. கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் மீரா உசேன், சாட்சியின் வாக்குமூலத்தை ஆங்கிலமாக்க ஸ்டேஷனுக்கு வந்தார். மனைவி மெஹராஜ் பேகம் இறந்து மூன்று வருஷம். 'நடப்பது' என்ற ஒரு வினைக்கு மட்டும் அவருடைய நோட்டில் நாற்பது ஆங்கிலச் சொற்கள் இருந்தன. கூட நடக்கத்தான் ஒருவரும் இல்லை. மனிதர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார், கேட்பவருக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

"நடந்தாள்னு போட்டு முடிங்க பாய்," என்றார் எஸ்.ஐ. சாமிதுரை.

"வெள்ளைக்காரன் பாஷை சும்மா நடக்க விடாது சார். காத்து வாங்க நடந்தா ஸ்ட்ரோல். அசந்துபோய்க் காலை இழுத்து நடந்தா ட்ரட்ஜ். தண்ணிக்குள்ள நடந்தா வேட். சாட்சி சொல்லட்டும், போடறேன்."

சாட்சி பண்ணைக் காரியஸ்தர் கலியபெருமாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"எங்க நின்னு பாத்தீங்க?" என்று கேட்டார் மீரா உசேன்.

"களத்துல. பத்து மணி இருக்கும். தவிடு போட்டப்புறம் நான் அறைப் பக்கமே போகல."

"அம்சம் எப்படி நடந்தா?"

"குதிகால் தரையில படாம, நுனிக்கால்ல வந்தா. நடவு வயல்ல இருந்து நேரா நெல் அறைக்கு."

"அதுக்கு டிப்டோன்னு ஒரு சொல் இருக்கு," என்று மீரா உசேன் எழுதினார்.

"தடத்தோட பொருந்துதுல்ல?" என்றார் சாமிதுரை.

"ரொம்பப் பொருந்துது. அதான் உறுத்துது. அந்தப் பொண்ணு நடக்கிறத நான் பாக்கணும்."

லாக்கப்பிலிருந்து மேசைவரை பத்தடி தூரம். அம்சம் விரல்களைத் தூக்கிக்கொண்டு, குதிகாலை மட்டும் ஊன்றி, பல்லைக் கடித்தபடி வந்தாள்.

"ஏம்மா இப்படி நடக்குறே?"

"சேத்துப்புண்ணுங்க. இருவது நாளா நடவு. விரல் இடுக்கெல்லாம் வெந்து கெடக்கு, முன்னால ஊன முடியல. நடவு முடியற மட்டும் எங்க தெருவுல எல்லாரும் இப்படித்தாங்க."

மீரா உசேன் வாசலுக்குப் போய்க் கலியபெருமாளின் செருப்பைப் புரட்டினார். முன்பக்கம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. பின்பக்கம் நேற்று வாங்கியது போல் புதுசு.

"காரியஸ்தரே, குதிகால்ல என்ன?"

கலியபெருமாள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சாமிதுரைதான் சொன்னார். "அவருக்குக் குதிகால் ஆணி. ஊருக்கே தெரியுமே..." சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"தவிட்டுல இருக்கிறது இவர் தடம் சார். அதை அம்சம் தலையில கட்ட, தன் நடையையே அவளுக்குக் கொடுத்துட்டாரு." மீரா உசேன் கோபத்தோடு கலியபெருமாள் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷமா வரப்புல குடை பிடிச்சு நின்னீங்களே, இந்தப் பொம்பளைங்க முதுகைத்தானே பாத்தீங்க? ஒருநாளாவது காலைப் பாத்திருந்தா இந்தப் பொய்யச் சொல்லியிருக்க மாட்டீங்க."

பகல் மூன்று மணி. கலியபெருமாள் வீட்டு அரிசிப் பானையில் சங்கிலி கிடைத்தது.

டிப்டோவை அடித்துவிட்டு, அம்சத்தின் நடைக்கு ஒரு சொல் தேடினார் மீரா உசேன். நாற்பதில் ஒன்றும் உதவவில்லை. புண்ணையும் குதிகாலையும் விவரித்து மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வாசல்படியில் அம்சம் நின்றுகொண்டிருந்தாள்.

"திங்கக்கெழம தாலுக்கா ஆபீசு போவணுங்க. அங்கயும் எதையாச்சும் எழுதிப்புடுவாங்க. கூட வர்றீங்களா பாய்?"

கூட வரச் சொல்லி மூன்று வருஷமாக அவரை யாரும் கேட்டதில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"வர்றேம்மா. பஸ் ஸ்டாண்டுல இருந்து மெதுவாவே நடக்கலாம்."