வளைவு சொல்லும் வண்டி

பின்சீட்டின் இடது பக்கத் தலைமெத்தையில் ஒரு தடம் இருந்தது. இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் தேய்ந்து பளபளத்து, மெத்தையைச் சுற்றிப் பட்டைபோல ஓடியது. ஒரு வாரை அதே இடத்தில் பல தடவை இறுக்கிக் கட்டி அவிழ்த்திருந்தால்தான் அப்படி விழும். வண்டியை வாங்கி மலையிறக்கிக் கொண்டுவந்த அன்றே கலீல் ரஹ்மான் அதைப் பார்த்துவிட்டார். மெக்கானிக் ஏசுதாசனிடமும் காட்டினார்.

"கைப்பிள்ளைய உக்கார வச்சுக் கட்டிருப்பாக பாய்," என்றான் ஏசுதாசன், பானெட்டுக்குள் இருந்து தலையை எடுக்காமலே. "அதையா பாக்குறீக? மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடுன வண்டி. இது காரு இல்ல, மாமியா வீடு. ஒண்ணத் தொட்டா ஒம்பது கேக்கும்."

கைப்பிள்ளையின் தலை அத்தனை உயரத்துக்கு வராதே என்று கலீலுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. எதையும் இரண்டாம் முறை கேட்கும் தெம்பு அந்த வருஷம் அவரிடம் இல்லை.

அது 2007. அவர் மனைவி சுபைதாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. தேனியில் இடம் கிடைக்கவில்லை, மதுரை தூரம். எல்லைக்கு அப்பால் மலைமேல் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க இடம் கொடுத்தார்கள். பஸ்ஸில் போனால் வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். வாடகை அம்பாசிடரில் போனால் ஒவ்வொரு குழிக்கும் முனகினாள். அப்போதுதான் மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் இந்த ஜெர்மன் கார் விலைக்கு வந்தது. பதினேழு வயது வண்டி. சாம்பல் நிறம். உள்ளே உட்கார்ந்தால் மெத்தையில் படுத்த மாதிரி இருந்தது.

கம்பத்தில் அவருடைய வாழைக்காய் மண்டிக்கு வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "யானையக் கட்டித் தீனி போடப் போறாரு பாய்" என்றார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். விடியக்காலையில் மண்டிக்கும் அதே வண்டி, மத்தியானம் ஆஸ்பத்திரிக்கும் அதே வண்டி. டிக்கியில் வாழை இலைக்கட்டு, பின்சீட்டில் சுபைதா. கதவைச் சாத்தினால் வெளியுலகம் தலையணையைப் போட்டு அமுக்கியதுபோல அடங்கிவிடும். பழைய தோலும் ஏலக்காயும் கலந்து மணக்கும். ஏசி போட்ட கொஞ்ச நேரத்தில் அதற்கு அடியிலிருந்து இன்னொரு மணம் எழும்பும். பழைய பன்னீரும், வெகுநாள் ஈரத்தில் கிடந்த கம்பளியும் சேர்ந்த மணம். ஏசுதாசன் இரண்டு தடவை சீட்டைக் கழற்றிக் கழுவினான். போகவில்லை.

ஆனால் சுபைதா தூங்கினாள். எட்டு மாதமாகக் கட்டிலில் புரண்டுகொண்டே கிடந்தவள், இந்த வண்டியில் ஏறியதும் கண்ணை மூடினாள். கலீலுக்கு அது போதும்.

மலையிறங்கும்போது மட்டும் அவளுக்குத் தலை சுற்றும். வளைவு முன்கூட்டியே தெரிந்தால் உடம்பை இறுக்கிக்கொள்வாள். அதனால் அவர் சொல்லிக்கொண்டே ஓட்டுவார்.

"இடது வளைவு வருது புள்ள. சாயாத."

"ம்."

"அடுத்தது வலது. பெருசு."

"ம்."

இப்படியே ஒன்று விடாமல் எல்லா வளைவையும் சொல்வார். ஓர் அசதியான பாட்டு மாதிரி அது அவர் வாயில் படிந்துவிட்டது. இரண்டாவது மாதத்தில்தான் கவனித்தார். அவர் சொன்னதும் பின்னால் துணி உரசியது. ஒருத்தி நிமிர்ந்து உட்காரும் சத்தம் அவருக்குத் தெரியும். இது அதைவிட அதிகமாக இருந்தது. நெருக்கியடித்து உட்கார்ந்தவர்கள் மொத்தமாக ஒரு பக்கம் உடம்பை மாற்றினால் வரும் சத்தம். கண்ணாடியில் பார்த்தார். சுபைதா மட்டும் இருந்தாள். நடுச்சீட்டில் உட்கார இடம் இருந்தும் கதவோடு ஒட்டிக் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

"தள்ளி உக்காரேன் புள்ள. இம்புட்டு எடம் கெடக்குல்ல."

"எங்கனங்க?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

தூக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பதுதான் சுலபமாக இருந்தது. வண்டி இறக்கத்தில் கனத்தது. பிரேக்கை நாள்தோறும் இன்னும் கொஞ்சம் ஆழமாக மிதிக்க வேண்டியிருந்தது. ஏசுதாசன் பிரேக் கட்டைகளை மாற்றிக் கொடுத்தான். "என்ன ஏத்திட்டு வாரீக பாய், குடும்பத்தோடயா?" என்று கேட்டான்.

ஐப்பசியில் ஒரு நாள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, பொழுது மங்கும் நேரம், மேலே மூடுபனி. எல்லைச் செக்போஸ்ட்டில் கம்பி இறங்கியிருந்தது. வழக்கமாக இந்த வண்டியைத் தூரத்தில் கண்டதுமே கம்பி உயரும், உள்ளே யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அதை மரியாதை என்று கலீல் எண்ணியிருந்தார். அன்று காவலாள் வீரணன், மழைக்கோட்டோடு கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கலீல் கண்ணாடியை இறக்கினார்.

"பாய், கோவிச்சுக்காதீக. வளைவு சொல்லிக்கிட்டா வாரீக?"

"ஆமாண்ணே. வீட்டுல இவுகளுக்குத் தலை சுத்தும்."

வீரணன் பின்சீட்டைப் பார்க்காமல் கவனமாகச் சாலையைப் பார்த்தார். "கொஞ்சம் எறங்கி வாங்க" என்றார். கலீல் இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"இந்த வண்டி மேல எதுக்கு ஓடுச்சுன்னு சொன்னாகளா?"

"மொதலாளி வண்டின்னாக."

"மொதலாளி வண்டிதான். நம்ம பக்கத்து ஆளுக, தேவாரம் சின்னமனூருன்னு, அங்கன கூலிக்குப் போறவக. செத்துப்போனா ஆஸ்பத்திரி, போலீசு, பேப்பருன்னு நாலு நாளாகும். அதுனால தூங்குற மாதிரி பின்னால உக்கார வச்சு, தலை தொங்காம நெத்தியில வாரு போட்டு இறக்கிருவாக. பெரிய காரை யாரு நிறுத்துவா? நானும் கம்பியத் தூக்கிருக்கேன். பாவம், பெத்தவ மூஞ்சியப் பாக்கணுமில்ல."

கலீல் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கு ஒரு மொறை இருக்கு பாய். மலையிறங்கையில பொணத்துக்கிட்ட ஒவ்வொரு வளைவையும் சொல்லணும். சொல்லலைன்னா உசுரு அந்த வளைவுலயே நின்னுரும். கீழ போனதும் பேரச் சொல்லி, ஊரு வந்துருச்சு எறங்குன்னு சொல்லணும்."

"சரி."

"கடைசியா எஸ்டேட்டுல காய்ச்சல் வந்துச்சு. ஒரே வாரத்துல நாலு பேரு. டிரைவரு புதுசு. வளைவச் சொன்னான். பொணத்த எறக்கினான், உசுர எறக்கல."

"ஏன்?"

"பேரு தெரியாதுங்கிறான். பதிவுல ஏறாத கூலிக்கு ஏது பேரு? பேரில்லாம பொதுவா எறங்குன்னா எறங்குறது யாருன்னு யாரு கண்டா? பயந்து பேசாம விட்டுட்டான்." வீரணன் கம்பியை நோக்கி நடந்தார். "சொல்லாம போங்க பாய். வாயத் தொறக்காதீக."

கலீல் வண்டியை எடுத்தார். முதல் வளைவு வந்தது. வாயை மூடிக்கொண்டார். பனி விளக்கு வெளிச்சத்தில் புகைபோல உருண்டது. பின்னால் சுபைதா நிலைகொள்ளாமல் ஒருபக்கமாகச் சரிந்து கதவில் மோதினாள்.

"என்னங்க, ஏன் சொல்ல மாட்டேங்கிறீக?"

"தொண்டை கட்டிருக்கு புள்ள. கெட்டியாப் புடிச்சுக்க."

இரண்டாவது வளைவு. பன்னீர் மணம் கழுத்தின் பின்னால் வந்து நின்றது. ஏசி அணைந்துதான் இருந்தது. கண்ணாடியை இறக்கினார். வெளியே யூகலிப்டஸ் வாசம். உள்ளே ஈரக் கம்பளி.

மூன்றாவது வளைவு.

"இடது," என்றது பின்னால் ஒரு குரல்.

ஆண் குரல். தொண்டையில் சளி கட்டிய குரல். அவர் சொல்லும் அதே ராகம்.

ஸ்டீயரிங் நழுவியது. பிடித்தார். பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

"வலது." இன்னொரு குரல். பெண்.

துணி உரசியது. வண்டி ஒரு பக்கம் அமுங்கி எழுந்தது.

"சுபைதா."

ஆழமான மூச்சு மட்டும். ஒன்றல்ல. பல.

"இடது. பெருசு. சாயாத."

அவர் ஓட்டினார். கலிமா சொன்னார். பாதியில் மறந்தது. திரும்ப ஆரம்பித்தார். நடுவில் அவர்கள் வளைவு சொன்னார்கள். ஒன்று விடாமல் சொன்னார்கள்.

அடிவாரத்தில் சாலை நேரானது. இருபக்கமும் திராட்சைப் பந்தல்கள். ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை. இவர்களை ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலுக்குப் போக முடியாது. நாளை மறுநாள் மறுபடி இதே வண்டியில்தான் அவளை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அவள் பிழைக்கமாட்டாள்.

இறக்கிவிட வேண்டும். பெயர் தெரியாது. அந்த வண்டிக்குள் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பெயர். அதைச் சொல்ல மாட்டார்.

முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஊரு வந்துருச்சு. எல்லாரும் எறங்குங்க."

தவளைச் சத்தம் நின்றது.

பின்கதவு திறந்தது. வண்டி சற்று உயர்ந்தது. கதவு சாத்திக்கொண்டது.

திறந்தது. உயர்ந்தது. சாத்தியது.

எண்ணினார். மூன்று. நான்கு.

காற்று லேசானது. பன்னீர் மணம் போய்விட்டது. கலீல் நெற்றியை ஸ்டீயரிங்கில் வைத்து அழுதார். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார்.

கதவு ஐந்தாம் முறை திறந்தது.

தலையைத் தூக்கினார். விளக்கு வெளிச்சத்தில் சிலர் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் பந்தலுக்குள் பிரிந்தான். ஒருவன் தேவாரம் பக்கம் திரும்பினான். இரண்டு பேர் நேர்ச்சாலையில். கடைசியில் கறுப்புப் பர்தாவில் ஒரு பெண். வீங்காத பாதங்கள். தெம்பான நடை. இரண்டு வருஷத்துக்கு முன் உத்தமபாளையத்தில் தாய்வீட்டுக்குப் போகும்போது நடந்த நடை.

வலது கையைப் பின்சீட்டுக்கு நீட்டினார். துணி. முழங்கால். விரல்கள். மணிக்கட்டு. ரத்தம் சுத்திகரிக்கும் ஊசிக்காக அங்கே ரத்தக்குழாய்களை அறுத்து இணைத்திருந்தார்கள். தொட்டால் தேனீபோல விர்ரென்று அதிரும். தினமும் தூங்கப்போகுமுன் அவர் தொட்டுப் பார்ப்பது.

அதிரவில்லை.

"சுபைதா!" என்று சாலையைப் பார்த்துக் கத்தினார். "சுபைதா! நீ இல்ல புள்ள! ஒன்னச் சொல்லல!"

அவள் திரும்பவில்லை. இறங்கிப்போன மற்ற நாலு பேரும் நின்று, திரும்பி, அவரைப் பார்த்தார்கள்.