நம்பி ஏற்றிய பஸ்

கலிஸ்ரா கொண்டுபோய் வைத்த தேத்தண்ணீர் அன்று காலையும் ஆறிப்போய்க் கிடந்தது. மாமியார் புனிதம் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. குசினி வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, முல்லைத்தீவு றோட்டையே பார்த்தபடி இருந்தாள்.

"இப்பிடிச் சாப்பிடாமல் கிடந்தா என்ன செய்யிறது மாமி? நேற்றும் அவர் போனில கதைச்சவர்தானே... சுகமெண்டுதானே சொன்னவர்..."

"பக்கத்தில ஆமி நிண்டா அவன் வேற என்னத்தைச் சொல்லுவான்?"

கலிஸ்ரா ஆறிய தேத்தண்ணீரை எடுத்து வெளியே ஊற்றினாள். அவளுடைய புருஷன் றஜித்தைக் கொரோனா என்று இராணுவ பஸ்ஸில் ஏற்றிச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோன நாளிலிருந்து, அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த வார்த்தைகள் அவ்வளவுதான்.

அந்த ஆவணி மாதம் நாயாற்றுக் கரையில் வைத்தியம் தெரியாதவர் என்று ஒருவரும் இல்லை. ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்றார் ஒருவர். காய்ச்சலே பொய், மீன் விலையை விழுத்தத்தான் ஊரைப் பூட்டுகிறார்கள் என்றார் இன்னொருவர். செத்தால் சேமக்காலையில் புதைக்கவும் விடமாட்டார்கள், எரித்துவிடுவார்கள் என்று ஒரு கதை வந்ததும், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரச் சனம் காய்ச்சலை வெளியில் சொல்வதையே விட்டுவிட்டது. றஜித்துக்கு உடம்பு கொதிக்கத் தொடங்கியபோது, புனிதம் அவனைக் கடற்கரை வாடிக்குள் கொண்டுபோய் வலைக் குவியலுக்குப் பின்னால் படுக்க வைத்தாள். நொச்சி அவித்து ஆவி பிடிக்க வைத்தாள். மல்லித்தண்ணீர் பருக்கினாள். பெற்றவள் ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஆனால் அவனுடைய மூச்சு அதற்கெல்லாம் மசியவில்லை.

கஞ்சி கொண்டுபோன கலிஸ்ரா, புருஷனின் உதடு நீலம் பாரித்திருப்பதைக் கண்டாள். மாமியிடம் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டாள் என்று தெரியும். வாடிக்கு வெளியே போய் நின்று சுகாதாரப் பரிசோதகருக்குப் போன் எடுத்தாள். அம்புலன்ஸ் கிடைக்காத நாட்கள் அவை. வந்தது ஆமிக்காரர் ஓட்டிவந்த பஸ்.

பச்சை உடுப்பைக் கண்டதும் புனிதம் மணலில் விழுந்து கதறினாள்.

"சண்டை முடிஞ்ச அண்டைக்கு என்ர மூத்தவனை, ஸ்ரனிஸ்லஸை, நானே என்ர கையால ஆமியின்ர பஸ்ஸில ஏத்தினனானடி... பதிஞ்சுபோட்டு விடுறம் எண்டவங்கள். இண்டைவரைக்கும் அவன் எங்க? மிஞ்சின ஒண்டையும் இப்ப நீ ஏத்திப்போட்டியே... நீயும் ஒரு பொம்பிளையே?"

ஏற்றாமல் விட்டிருந்தால் அவர் செத்திருப்பார் என்று கலிஸ்ரா சொல்லலாம். சொன்னால் யார் நம்புவது? அவர் திரும்பி வந்தால்தான் அது பதில். வராவிட்டால் இந்த வீட்டில் மட்டுமல்ல, தன் மனதுக்குள்ளேயும் தனக்கு இடமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

தேத்தண்ணீர் ஆறிக் கிடந்த அந்தக் காலையில், வெயில் ஏறுகிற நேரத்தில் றோட்டில் பஸ் வந்து நின்றது. றஜித் இறங்கினான். கன்னம் ஒட்டிப்போய், இடுப்பில் நிற்காத சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தன் காலிலேயே நடந்து வந்தான்.

புனிதம் எழும்பி ஓடினாள். அவனுடைய முகத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள்.

"நீதானோடா... நீதானோ..."

"நான்தானம்மா. கொஞ்சம் பிந்தியிருந்தா தப்பியிருக்கமாட்டன் எண்டு டொக்டர் சொன்னவர். கலிஸ்ராவாலதான்..."

கலிஸ்ரா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. புருஷன் வந்துவிட்டான் என்ற ஆறுதல் ஒரு பக்கம். மாமி இனி என்ன சொல்வாளோ என்ற பயம் மறுபக்கம். புனிதம் மகனைக் கதிரையில் இருத்திவிட்டு மெல்ல அவளிடம் வந்தாள்.

"உன்னை வாயில வந்தபடியெல்லாம் பேசிப்போட்டன் பிள்ளை. நீ செய்ததுதான் சரி."

"அதை விடுங்கோ மாமி..."

"இல்லை, கேள். நீயும் நம்பித்தான் ஏத்தினனீ. நானும் நம்பித்தான் ஏத்தினனான். உன்ர ஆள் வந்திட்டான்..." குரல் உடைய, தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். "அப்ப என்ர கைதான் பிழை போல."

தான் சரியென்று மாமி வாயால் கேட்கும் நாளைத்தான் கலிஸ்ரா மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். அந்த நாள் வந்தபோது, அது மாமியின் பழைய புண்ணிலல்லவா போய் இடித்திருக்கிறது! பஸ்ஸென்றால் இந்த மனுசிக்கு என்னவென்று தெரிந்திருந்தும், கூடப் போய் ஏறுங்கள் மாமி என்று ஒரு வார்த்தை சொல்ல, புருஷனை ஏற்றிய அன்று தனக்கு வாய் வரவில்லையே என்று மனம் நொந்தாள். மாமியின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

"உங்கட கையில ஒரு பிழையும் இல்லை மாமி. அண்டைக்கு அந்த இடத்தில நான் நிண்டிருந்தாலும் ஏத்தித்தான் விட்டிருப்பன்."

புனிதம் மருமகளின் தோளில் முகத்தைப் புதைத்து, மூத்தவனின் பெயரைச் சொல்லிச் சொல்லி வாய்விட்டு அழுதாள்.